ஐரோப்பிய அமைப்புகளின் பண்பாட்டுக் கூட்டுறவும் மொழிகளின் நிலையும்

முன்னுரை

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஐரோப்பாவின் வரலாறு பெரும்பாலும் நிலக்கரி, எஃகு, சுங்கவரி, நாணயம் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அதே காலப்பகுதியில் அரசுகளுக்கிடையிலான அமைப்புகள் பண்பாட்டுத் துறையில் மேற்கொண்ட கூட்டு முயற்சிகள் அவ்வரலாற்றின் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றன. மொழி, கல்வி, மரபுச் செல்வம் ஆகியவை குறித்து இவ்வமைப்புகள் தம்முள் எதைப் பகிர்ந்துகொண்டன, எதைப் பகிர மறுத்தன என்பதை அறிவது, பல மொழிகள் ஒரே அரசியல் கூரையின்கீழ் வாழும் எந்நாட்டு ஆய்வாளர்க்கும் பயன் தருவதாகும்.

ஐரோப்பிய மன்றம், ஐரோப்பிய ஒன்றியம் ஆகிய இரு அமைப்புகளுக்கிடையே 1949 முதல் வளர்ந்துவந்த பண்பாட்டுக் கூட்டுறவை, மொழிக் கொள்கையைச் சிறப்பாக முன்னிறுத்தி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். இக்கூட்டுறவில் மொழியைக் கற்பித்தலுக்கான கருவிகள் ஓர் அமைப்பிலிருந்து மற்றோர் அமைப்புக்கு எளிதில் சென்று சேர்ந்தன. மொழியைக் காப்பதற்கான கடப்பாடுகள் அவ்வாறு செல்லவில்லை. இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றியது என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

தொடக்கத்திலேயே ஒரு தெளிவு தேவைப்படுகிறது. ஐரோப்பிய மன்றம் என்பது ஸ்ட்ராஸ்பர்க் நகரைத் தலைமையிடமாகக் கொண்டது. 1949-ஆம் ஆண்டு மே 5 அன்று இலண்டனில் பத்து நாடுகள் கையெழுத்திட்ட சட்டத்தால் தோன்றியது. 2022-இல் உருசியா நீக்கப்பட்ட பின்னர் 46 நாடுகளைக் கொண்டுள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் பிரஸ்ஸல்ஸை மையமாகக் கொண்டு இயங்குவது. 1957-இல் ஆறு நாடுகள் அமைத்த பொருளாதாரச் சமூகத்திலிருந்து வளர்ந்து இன்று 27 நாடுகளைக் கொண்டுள்ளது. இரண்டும் ஒரே கொடியைப் பறக்கவிடுவதால் ஒன்றெனக் கருதப்படுவதுண்டு. உண்மையில் அவை இயல்பால் வேறானவை. முன்னதன் கருவி அரசுகள் விரும்பினால் ஏற்கும் உடன்படிக்கை. பின்னதன் கருவி உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தும் சட்டமும், திட்டங்களுக்கு வழங்கப்படும் நிதியும் ஆகும்.

பிரஸ்ஸல்ஸ் உடன்படிக்கையும் பண்பாட்டுப் பணியின் இடமாற்றமும்

ஐரோப்பிய அமைப்புகளுக்கிடையிலான பண்பாட்டுக் கூட்டுறவின் முதற்கட்டத்தை 1948-இல் காணலாம். அவ்வாண்டு மார்ச் 17 அன்று பிரிட்டன், பிரான்சு, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஐந்து நாடுகள் பிரஸ்ஸல்ஸில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. இது கூட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கை என்றே நினைவுகூரப்படுகிறது. ஆயினும் அதன் முழுப்பெயரில் பொருளாதார, சமூக, பண்பாட்டு ஒத்துழைப்பு என்னும் தொடர் பாதுகாப்புக்கு முன்னரே இடம்பெற்றுள்ளது. போரின் இடிபாடுகளிடையே நின்ற அரசுகள், படை உதவியையும் பண்பாட்டுப் பரிமாற்றத்தையும் ஒரே ஆவணத்தில் வைத்துப் பேசியமை நோக்கத்தக்கது.

இவ்வுடன்படிக்கை 1954-இல் திருத்தப்பட்டு மேற்கு ஐரோப்பிய ஒன்றியம் என்னும் அமைப்பாக உருவெடுத்தது. அதே ஆண்டு டிசம்பர் 19 அன்று ஐரோப்பிய மன்றம் பாரிஸில் ஐரோப்பியப் பண்பாட்டு உடன்படிக்கையை வெளியிட்டது. ஒரே துறையில் இரு அமைப்புகள் ஒரே வேளையில் ஈடுபட்டதால் பணிகள் இரட்டித்தன. இதற்குத் தீர்வாக, மேற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் சமூக, பண்பாட்டுப் பணிகள் 1960-இல் ஐரோப்பிய மன்றத்திற்கு மாற்றப்பட்டன. 1962-இல் மன்றத்தின் பண்பாட்டுக் கூட்டுறவுக் குழு தன் பணியைத் தொடங்கியது. தன் பண்பாட்டுப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் பாதுகாப்பு அமைப்பாகவே நீடித்த மேற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் கலைக்கப்பட்டது.

1954-ஆம் ஆண்டு உடன்படிக்கை அளவிற் சிறியது. ஆனால் நெடுங்காலம் பயன் தந்தது. உறுப்பு நாடுகள் ஒன்றன் மொழி, வரலாறு, நாகரிகம் ஆகியவற்றை மற்றொன்று பயில ஊக்குவிக்க வேண்டும் என்பது அதன் மையக் கூறு. ஐரோப்பிய மன்றத்தில் உறுப்பினராக இல்லாத நாடும் இதில் சேரலாம் என்னும் ஏற்பாடு அரசியல் அளவில் பெரும்பயன் விளைத்தது. பிராங்கோவின் ஆட்சியிலிருந்த ஸ்பெயின் மன்றத்தில் உறுப்பினராக இயலாத நிலையிலும் 1957-இல் இவ்வுடன்படிக்கையில் சேர்ந்தது. மன்றத்தின் உறுப்பினரானது 1977-இல்தான். வத்திக்கான் 1962-இலும், பின்லாந்து 1970-இலும் சேர்ந்தன. போலந்தும் ஹங்கேரியும் 1989-இல் மன்றத்திற்கு முன்னரே இவ்வுடன்படிக்கைக்குள் வந்தன. அரசியல் வாயில் அடைபட்டிருந்தபோது பண்பாட்டு வாயில் திறந்திருந்தது எனலாம்.

ரோம் ஒப்பந்தமும் பண்பாடும்

1957 மார்ச் 25 அன்று கையெழுத்தான ரோம் ஒப்பந்தத்தில் பண்பாட்டிற்கெனத் தனிப்பிரிவு எதுவும் இல்லை. கலை, வரலாறு, தொல்லியல் மதிப்புடைய தேசியச் செல்வங்களைக் காக்கும்பொருட்டுச் சரக்குப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தலாம் என 36-ஆம் பிரிவு விதிவிலக்கு அளித்தது. பண்பாட்டுப் பொருள் என்பது இவ்வொப்பந்தத்தில் சந்தை விதிக்கு விலக்காக மட்டுமே இடம்பெற்றது.

இவ்விலக்கின் எல்லையும் விரைவில் வரையறுக்கப்பட்டது. கலைப்பொருள்களின் ஏற்றுமதிக்கு இத்தாலி வரி விதித்ததை எதிர்த்து ஆணையம் தொடுத்த வழக்கில், 1968 டிசம்பரில் சமூகத்தின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணமதிப்பு உடையனவாய் வணிகத்திற்கு உட்படக்கூடியனவாய் உள்ள கலைப்பொருள்களும் சரக்குகளே என்பது அத்தீர்ப்பின் சாரம். ஸ்ட்ராஸ்பர்க்கில் பொது மரபுச் செல்வம் என மதிக்கப்பட்ட பொருள் சந்தை ஒப்பந்தத்தின் பார்வையில் சரக்காயிற்று.

ஆயினும் ரோம் ஒப்பந்தத்தின் 230-ஆம் பிரிவு ஐரோப்பிய மன்றத்துடன் பொருத்தமான எல்லா வகைகளிலும் சமூகம் ஒத்துழைக்க வேண்டும் எனப் பணித்திருந்தது. இரு அமைப்புகளின் பிற்காலக் கூட்டுறவுக்கு இச்சிறு பிரிவே சட்டக் கால்கோளாக அமைந்தது. 1987-இல் இரு தரப்பும் மடல்கள் வழி செய்துகொண்ட ஏற்பாடு இதனை நடைமுறைப்படுத்தியது.

கூட்டுறவின் நால்வகை

இரு அமைப்புகளின் பண்பாட்டு உறவை நான்கு வகைகளாகப் பகுத்து நோக்கலாம். அவை ஒப்படைப்பு, கடன்பெறல், கூட்டுச்செயல், விலக்கு என்பன.

ஒரு துறையை முழுமையாகக் கைமாற்றுவது ஒப்படைப்பு. மேலே கூறப்பட்ட 1960-ஆம் ஆண்டு மாற்றம் இதற்குச் சான்று. இவ்வகை மீண்டும் நிகழவில்லை.

கடன்பெறலுக்குக் கொடியும் பண்ணும் தக்க எடுத்துக்காட்டுகள். நீல நிறத்தில் 12 பொன்விண்மீன்கள் வட்டமாக அமைந்த கொடியை 1955 டிசம்பரில் ஏற்றது ஐரோப்பிய மன்றமாகும். பிற ஐரோப்பிய அமைப்புகளும் இதனை ஏற்கவேண்டும் என்பது மன்றத்தின் விருப்பமாக இருந்தது. சமூகத்தின் நாட்டுத் தலைவர்கள் 1985-இல் மிலான் மாநாட்டில் இதனை ஏற்க, 1986 மே 29 அன்று பிரஸ்ஸல்ஸில் அக்கொடி முதன்முதலாக ஏற்றப்பட்டது. பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியின் இறுதிப் பகுதியும் இவ்வாறே 1972-இல் மன்றத்தின் பண்ணாகி, 1985-இல் சமூகத்தின் பண்ணாயிற்று. ஷில்லரின் செருமன் கவிதைக்கு அமைந்த அவ்விசை, சொற்கள் நீக்கப்பெற்றே ஏற்கப்பட்டது. ஒரு மொழியின் சொற்களை ஐரோப்பாவின் பொதுக்குரலாக்க இரு அமைப்புகளும் முன்வரவில்லை. மொழிச் சிக்கலின் முழு அளவையும் இச்சொல்லற்ற பண் ஒன்றே காட்டிவிடுகிறது.

கூட்டுச்செயலுக்கு மரபுச்செல்வ நாள்கள் சான்றாகும். வரலாற்றுக் கட்டடங்களை ஒருநாள் மக்களுக்குத் திறந்துவிடும் வழக்கம் 1984-இல் பிரான்சில் தொடங்கியது. 1985-இல் ஸ்பெயினின் கிரனாடாவில் நடந்த மாநாட்டில் பிரான்சு இதனைப் பிற நாடுகளுக்கும் பரிந்துரைத்தது. 1991-இல் ஐரோப்பிய மன்றம் இதனை ஐரோப்பிய நிகழ்வாக்கியது. 1999 முதல் இரு அமைப்புகளின் கூட்டு நடவடிக்கையாக இது நடந்துவருகிறது. ஒரு நாட்டின் வழக்கம் மன்றத்தின் வழியே பரவி, பின்னர் ஒன்றியத்தின் நிதியால் நிலைபெற்ற படிமுறையை இதில் தெளிவாகக் காணலாம்.

விலக்கு என்பது போட்டியின் விளைவு. எல்லைகடந்த தொலைக்காட்சி குறித்து மன்றம் 1989 மே மாதத்தில் ஓர் உடன்படிக்கையையும், சமூகம் அதே ஆண்டு அக்டோபரில் ஒரு கட்டளையையும் வெளியிட்டன. பொருள் ஒன்றே. ஆயினும் சமூக உறுப்பு நாடுகள் தமக்குள் சமூக விதியையே பின்பற்றும் என்னும் விலக்குக் கூறு மன்ற உடன்படிக்கையிலேயே எழுதப்பட்டது. பிற்காலத்தில் இத்துறையில் அதிகாரம் தனக்கே உரியது என ஒன்றியத்தின் ஆணையம் கருதியதால், 2011-இல் அவ்வுடன்படிக்கையைத் திருத்தும் பணி நின்றுபோயிற்று. சந்தை நலன் மிகுந்த இடத்தில் கூட்டுறவு மெலிந்தது என்பது இதனால் பெறப்படும்.

மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தின் எல்லைக்கோடு

1992-இல் கையெழுத்தாகி 1993 நவம்பரில் நடைமுறைக்கு வந்த மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம், பண்பாட்டிற்கு முதன்முறையாகத் தனிப்பிரிவை அளித்தது. அதன் 128-ஆம் பிரிவு மூன்று செய்திகளைக் கூறுகிறது. உறுப்பு நாடுகளின் பண்பாட்டு வேற்றுமையை மதித்துச் சமூகம் செயல்படும். பண்பாட்டுத் துறையில் பன்னாட்டு அமைப்புகளுடன், சிறப்பாக ஐரோப்பிய மன்றத்துடன் ஒத்துழைக்கும். உறுப்பு நாடுகளின் சட்டங்களை ஒருமுகப்படுத்தும் நடவடிக்கை எதையும் எடுக்காது.

மூன்றாவது செய்தியே இன்றியமையாதது. வேளாண்மை, மீன்பிடிப்பு, போட்டிச் சட்டம் ஆகியவற்றில் உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்திய அமைப்பு, பண்பாட்டில் ஊக்கம் மட்டுமே தரலாம் என அவ்வரசுகளே எல்லை வகுத்தன. முதலில் அவ்வூக்க நடவடிக்கைக்கும் எல்லா அரசுகளின் ஒருமனதான இசைவு வேண்டப்பட்டது. 2009-இல் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் ஒப்பந்தமே இந்நிபந்தனையைத் தளர்த்தியது. எனவே பண்பாட்டுத் துறையில் மன்றத்திடம் கருத்து இருந்தது, நிதி இல்லை. ஒன்றியத்திடம் நிதி இருந்தது, கட்டுப்படுத்தும் அதிகாரம் இல்லை. இவ்விரு குறைகளும் ஒன்றையொன்று நிரப்பிய இடங்களில் கூட்டுறவு செழித்தது. இரண்டாலும் நிரப்ப இயலாத இடம் ஒன்று உண்டு. அதுவே மொழிக் காப்பு ஆகும்.

மொழி கற்பித்தலில் கூட்டுறவு

மொழியமைப்பைப் பொறுத்தவரை இரு அமைப்புகளும் முரண்பட்டன. ஐரோப்பிய மன்றத்திற்கு ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய இரண்டே ஆட்சிமொழிகள். ஒன்றியமோ 1958-ஆம் ஆண்டின் முதல் விதியிலேயே டச்சு, பிரெஞ்சு, செருமன், இத்தாலியம் என்னும் நான்கு மொழிகளையும் நிகராக ஏற்றது. 2013-இல் குரோவாசியம் சேர்ந்தபோது அவை 24 ஆயின. சட்டம் குடிமக்களைக் கட்டுப்படுத்துமாயின் அது அவர்தம் மொழியில் இருத்தல் வேண்டும் என்பதே இதன் அடிப்படை. இரு மொழிகளில் இயங்கிய மன்றம் எல்லா மொழிகளையும் பற்றிச் சிந்தித்தது. பல மொழிகளில் இயங்கிய ஒன்றியம் ஆட்சிமொழிகளின் எல்லைக்குள்ளேயே பெரும்பாலும் நின்றது.

மன்றத்தின் மொழி கற்பித்தல் பணி 1971-இல் சுவிட்சர்லாந்தின் ரூஷ்லிக்கோன் நகரில் நடந்த கருத்தரங்கிலிருந்து புதிய திசையில் சென்றது. இலக்கணப் பாடங்களின் வரிசையாக மொழியைக் காணாமல், கற்பவர் அம்மொழியைக் கொண்டு என்ன செய்யவேண்டியுள்ளது என்பதிலிருந்து தொடங்கவேண்டும் என்பது அத்திசை. இதன் பயனாக ஆங்கிலத்திற்கான வாயில்நிலை நூலை யான் வான் ஏக் 1975-இல் வெளியிட்டார். மறு ஆண்டே பிரெஞ்சுக்கான நூல் வெளிவந்தது. வாழ்த்துதல், மறுத்தல், வழி கேட்டல், மன்னிப்புக் கோரல் போன்ற செயல்களை அலகுகளாகக் கொண்டு இந்நூல்கள் அமைந்தன. பின்னர் வேறு பல ஐரோப்பிய மொழிகளுக்கும் இம்முறை விரிந்தது.

1991-இல் அதே ரூஷ்லிக்கோனில் கூடிய மற்றொரு கருத்தரங்கு, எல்லா மொழிகளுக்கும் பொதுவான ஓர் அளவுகோலை வகுக்கப் பரிந்துரைத்தது. யான் ட்ரிம், டேனியல் கோஸ்த், பிரையன் நார்த், யோசப் ஷீல்ஸ் ஆகியோர் உருவாக்கிய ஐரோப்பியப் பொதுச் சட்டகம் 2001-இல் நூலாயிற்று. ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகளில் மொழித்திறனைக் கூறும் இச்சட்டகம் குறிப்பிட்ட எந்த மொழிக்கும் உரியதன்று. ஒரு மொழியை அறிந்தவர் என்ன செய்ய இயலும் என்பதைக் கூறுவதால் ஐரிஷ் மொழிக்கும் தமிழுக்கும் இது ஒன்றுபோல் பொருந்தும்.

அதே 2001-ஆம் ஆண்டை இரு அமைப்புகளும் இணைந்து ஐரோப்பிய மொழிகள் ஆண்டாகக் கொண்டாடின. பிப்ரவரியில் சுவீடனின் லுண்ட் நகரில் தொடக்கவிழா நடைபெற்றது. 45 நாடுகள் பங்கேற்றன. செப்டம்பர் 26 ஐரோப்பிய மொழிகள் நாள் என்னும் வழக்கம் அவ்வாண்டின் விளைவேயாகும். நவம்பரில் ஒன்றியத்தின் அமைச்சரவை, மொழித்திறனை உறுதிசெய்யும் முறைகளுக்கு மன்றத்தின் சட்டகத்தைப் பயன்படுத்துமாறு பரிந்துரைத்தது. 2004-இல் ஒன்றியம் உருவாக்கிய தகுதிச் சான்றுத் தொகுப்பின் மொழிக் கடவுச்சீட்டும் அவ்வாறு நிலைகளைக் கொண்டே அமைந்தது. தாய்மொழியோடு இளமையிலேயே இரு மொழிகளையாவது கற்பிக்கவேண்டும் என்னும் இலக்கை 2002-இல் பார்சிலோனா மாநாடு அறிவித்தது.

மன்றம் முப்பது ஆண்டுகளாக உருவாக்கிய கருவி ஓராண்டிற்குள் ஒன்றியத்தின் கருவியாகவும் ஆனமைக்குக் காரணம் தேடுவது அரிதன்று. உழைப்பாளர் எல்லை கடந்து செல்லும் சந்தைக்கு மொழித்திறனை அளக்கும் பொதுக்கோல் தேவைப்பட்டது. அக்கோல் எந்த அரசின் மொழிச் சட்டத்தையும் மாற்றவில்லை. அரசுகள் இழக்க வேண்டியது எதுவுமில்லாத இடத்தில் கூட்டுறவு தடையின்றி நடந்தது.

ஆயினும் மொழிகள் ஆண்டின் ஆவணத்திலேயே ஒரு வரம்பு தெரிகிறது. ஒன்றியத்தின் முடிவின்படி அவ்வாண்டிற்குரிய மொழிகள், அப்போதைய ஆட்சிமொழிகள் 11, அவற்றோடு ஐரிஷ், லக்சம்பர்க் மொழி, இவையன்றி உறுப்பு நாடுகள் இனங்காணும் பிற மொழிகள் ஆகியனவாகும். எந்தச் சிறுபான்மை மொழி கொண்டாட்டத்தில் இடம்பெறும் என்பதை முடிவுசெய்யும் உரிமை அந்தந்த அரசின் கையிலேயே விடப்பட்டது.

மொழிக் காப்பில் தயக்கம்

மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் கையெழுத்தான அதே 1992-இல், நவம்பர் 5 அன்று, வட்டார அல்லது சிறுபான்மை மொழிகளுக்கான ஐரோப்பியப் பட்டயத்தை மன்றம் கையெழுத்திற்கு வைத்தது. 1998 மார்ச் 1 முதல் இது நடைமுறையில் உள்ளது. கல்வி, நீதிமன்றம், ஆட்சித்துறை, ஊடகம், பண்பாடு, பொருளாதார வாழ்வு, எல்லை கடந்த பரிமாற்றம் ஆகிய துறைகளில் அரசு செய்யவேண்டியவற்றை இது பட்டியலிடுகிறது. ஓர் அரசு தான் தெரிந்தெடுக்கும் மொழி ஒவ்வொன்றுக்கும் இவற்றுள் 35 கூறுகளையேனும் ஏற்கவேண்டும். மொழி பேசுவோரின் உரிமையைக் காட்டிலும் மொழியையே பண்பாட்டுச் செல்வமாகக் கொண்டு காப்பது இதன் அணுகுமுறை. உரிமை என்னும் சொல்லுக்கு அஞ்சும் அரசுகளையும் உள்ளே கொணர இவ்வணுகுமுறை உதவியது.

நார்வே 1993-இல் முதலில் ஏற்புறுதி அளித்தது. பிரிசியத்தின் பொருட்டு நெதர்லாந்தும், வேல்சு மொழியின் பொருட்டுப் பிரிட்டனும் பிற்பாடு சேர்ந்தன. ஆயினும் மன்றத்தின் 46 உறுப்பு நாடுகளில் ஏறத்தாழ 25 மட்டுமே பட்டயத்தை முழுமையாக ஏற்றுள்ளன. இத்தாலி 2000-இல் கையெழுத்திட்டும் ஏற்புறுதி தரவில்லை. பிரான்சின் நிலை இன்னும் நுட்பமானது. 1992-இல் பிரான்சு தன் அரசமைப்பில் குடியரசின் மொழி பிரெஞ்சு என்னும் தொடரைச் சேர்த்தது. 1999 மே மாதத்தில் பட்டயத்தில் கையெழுத்திட்டது. ஜூன் 15 அன்று அந்நாட்டு அரசமைப்பு அவை, பட்டயத்தின் சில கூறுகள் அரசமைப்புக்கு முரணானவை எனத் தீர்ப்பளித்தது. 2008-இல் வட்டார மொழிகள் பிரான்சின் மரபுச் செல்வத்தைச் சேர்ந்தவை என்னும் திருத்தம் வந்தும் ஏற்புறுதிக்கு வழி பிறக்கவில்லை. அதற்கான அரசமைப்புத் திருத்த முன்வரைவை 2015-இல் செனட் அவை நிராகரித்தது. பட்டயம் உருவான ஸ்ட்ராஸ்பர்க் நகரம் அமைந்துள்ள அல்சேசு வட்டாரத்தின் மொழிக்கே இப்பட்டயத்தின் காப்பு கிட்டவில்லை என்பது இங்குச் சுட்டத்தக்கது.

இவ்விடத்தில் ஒன்றியம் என்ன செய்தது என்பதைக் காணவேண்டும். ஐரோப்பிய நாடாளுமன்றம் 1981-இல் இத்தாலிய உறுப்பினர் கயேத்தானோ ஆர்ஃபேயின் அறிக்கையை ஏற்று, வட்டார மொழிகளுக்கான தீர்மானம் நிறைவேற்றியது. அதன் தொடர்ச்சியாக 1982-இல் சிறுபான்மை மொழிகளுக்கான ஐரோப்பியச் செயலகம் தோன்றியது. சமூகத்தின் வரவுசெலவில் சிறு தொகையும் ஒதுக்கப்பட்டது. 1994-இல் நாடாளுமன்றம் மன்றத்தின் பட்டயத்தில் சேருமாறு உறுப்பு நாடுகளை வலியுறுத்தியது. ஆனால் 1998 மே மாதத்தில் வறுமை ஒழிப்புத் திட்டம் தொடர்பான ஒரு வழக்கில், சட்ட அடிப்படை இல்லாமல் ஆணையம் நிதி வழங்கலாகாது என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மொழிகளைப் பற்றி எதுவும் கூறாத இத்தீர்ப்பினால் சிறுபான்மை மொழிகளுக்கான ஒதுக்கீடு நிலைகுலைந்தது. 2010-இல் அச்செயலகமும் மூடப்பட்டது.

இதனினும் கூர்மையான முரண் ஒன்றியத்தின் விரிவாக்கத்தில் வெளிப்பட்டது. 1993-இல் கோப்பன்ஹேகன் மாநாடு, புதிதாகச் சேர விரும்பும் நாடுகள் சிறுபான்மையோரை மதித்துக் காக்கவேண்டும் என நிபந்தனை விதித்தது. அந்நிபந்தனையை அளக்க மன்றத்தின் ஆவணங்களே, சிறப்பாக 1995-ஆம் ஆண்டின் தேசியச் சிறுபான்மையோருக்கான சட்டக உடன்படிக்கை, பயன்பட்டன. ஆனால் அச்சட்டக உடன்படிக்கையில் பிரான்சு கையெழுத்திடவேயில்லை. கையெழுத்திட்ட கிரேக்கமும் பெல்ஜியமும் ஏற்புறுதி அளிக்கவில்லை. புதியவர்க்கு நிபந்தனையாக நின்றது பழையவர்க்கு விருப்பமாகவே இருந்தது.

பிற்காலத்தும் இந்நிலை மாறவில்லை. சிறுபான்மை மொழி, பண்பாட்டுக் காப்பிற்கு ஒன்றியம் சட்டம் இயற்றவேண்டும் எனக் கோரி 11 இலட்சத்திற்கும் மேற்பட்ட குடிமக்கள் கையெழுத்திட்ட விண்ணப்பத்திற்கு, புதிய சட்டம் தேவையில்லை என ஆணையம் 2021 ஜனவரியில் விடையளித்தது. மன்றத்துடன் 2007 மே மாதத்தில் ஒன்றியம் செய்துகொண்ட புரிந்துணர்வு உடன்பாடு பண்பாட்டுத் துறையையும் உள்ளடக்கியதே. எனினும் மன்றத்தின் பட்டயம் ஒன்றியத்தின் சட்டமாகவில்லை.

பெயர்ந்து வந்தோரின் மொழிகள்

பட்டயத்தின் முதற்பிரிவு, அரசின் ஆட்சிமொழிகளின் வட்டார வழக்குகளையும், பெயர்ந்து வந்தோரின் மொழிகளையும் தன் வரையறைக்கு வெளியே நிறுத்துகிறது. ஒரு நாட்டில் மரபாகப் பேசப்பட்டு வருவதே காப்புக்குரிய மொழி என்பது அதன் கொள்கை. இவ்விடத்தில்தான் தமிழ் இவ்வாய்வுப் பொருளோடு நேரடியாகத் தொடர்புறுகிறது. 1980-களிலிருந்து இலங்கையிலிருந்து பெயர்ந்து பிரான்சு, செருமனி, சுவிட்சர்லாந்து, நார்வே, பிரிட்டன் முதலிய நாடுகளில் வாழும் தமிழரின் மொழி, பட்டயத்தின் காப்பைப் பெறுவதில்லை.

பெயர்ந்தோர் மொழி பற்றி இரு அமைப்புகளும் சிந்திக்கவில்லை என்பதன்று. 1977-ஆம் ஆண்டு ஜூலையில், பெயர்ந்த உழைப்பாளரின் குழந்தைகளுக்குத் தாய்மொழி கற்பிப்பதை ஊக்குவிக்கும் கட்டளையைச் சமூகம் பிறப்பித்தது. அதே ஆண்டு நவம்பரில் மன்றமும் பெயர்ந்த உழைப்பாளர் குறித்த உடன்படிக்கையில் இப்பொருளைச் சேர்த்தது. ஆனால் கட்டளை பிற உறுப்பு நாட்டினரின் குழந்தைகளுக்கே உரியது. உடன்படிக்கை அதனை ஏற்ற நாடுகளின் குடிமக்களுக்கே உரியது. இத்தாலியமும் போர்த்துக்கீசும் இவ்வெல்லைக்குள் வந்தன. ஐரோப்பாவில் அரசொன்றின் துணையில்லாத தமிழ் வரவில்லை.

மொழி கற்பித்தலுக்கென உருவான பொதுச் சட்டகமோ பெயர்ந்தோரை வேறு வழியில் சென்றடைந்தது. செருமனியில் 2005 முதல் நடைபெறும் ஒருங்கிணைப்பு வகுப்புகள் பி1 நிலையை இலக்காகக் கொண்டன. 2007 முதல் குடியுரிமைக்கும் அந்நிலை தேவைப்பட்டது. கற்பவர்க்கு வழிகாட்ட வகுத்த படிகள் குடியேறுவோரைத் தேரும் வாயிற்படிகளாகவும் ஆயின. ஆக, பெயர்ந்து வந்த ஒருவரின் புதிய மொழியறிவை அளக்கக் கோல் உண்டு. அவர் கொண்டுவந்த மொழியைக் காக்கும் பட்டயம் இல்லை. இரு அமைப்புகளின் கூட்டுறவு எத்திசையில் ஓடியது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன பின்வருமாறு.

ஐரோப்பிய மன்றத்துக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையிலான பண்பாட்டுக் கூட்டுறவு ஒரே சீராக அமையவில்லை. ஒப்படைப்பு, கடன்பெறல், கூட்டுச்செயல், விலக்கு என அது வெவ்வேறு வடிவம் கொண்டது.

மன்றத்தின் கருத்தும் ஒன்றியத்தின் நிதியும் இணைந்த இடங்களில் நிலையான பயன் விளைந்தது. மரபுச்செல்வ நாள்கள், மொழிகள் ஆண்டு, பொதுச் சட்டகம் ஆகியவை இதற்குச் சான்றுகள்.

மொழி கற்பித்தல் அரசுகளின் அதிகாரத்தைக் குறைப்பதில்லை; மொழிக் காப்பு பள்ளியிலும் நீதிமன்றத்திலும் ஆட்சித்துறையிலும் அரசு தன் வழக்கத்தை மாற்றக் கோருகிறது. முன்னது இரு அமைப்புகளுக்கும் பொதுவாகி, பின்னது மன்றத்தோடு நின்றமைக்கு இதுவே காரணம்.

பண்பாட்டில் ஒருமுகப்படுத்தல் கூடாது என்னும் விதி பெருமொழி ஆதிக்கத்திலிருந்து சிறிய அரசுகளின் மொழிகளைக் காத்தது. அதே விதி, அரசுகளுக்குள் வாழும் சிறிய மொழிகளை அவ்வவ்வரசின் விருப்பத்திற்கு விட்டுவிட்டது. அரசில்லாத மொழிகளும் அரசைவிட்டுப் பெயர்ந்த மொழிகளும் இதனால் பெற்ற பயன் சிறிது.

வேற்றுமையை மதித்தல் என்னும் தொடர் ஐரோப்பிய ஆவணங்களில் அடிக்கடி இடம்பெறுகிறது. அவ்வேற்றுமை எவருடையது என்னும் வினாவுக்குப் பெரும்பாலான ஆவணங்கள் தரும் விடை அரசுகளுடையது என்பதே. மொழி பேசுவோருடையது எனக் கூறத் துணிந்த ஆவணங்கள் சிலவே. அவையும் அரசுகளின் கையெழுத்துக்குக் காத்திருக்கின்றன.